ஏழு பொத்தான்கள்

கோட்டின் ஏழு பொத்தான்களில் கீழிருந்து ஐந்து போடப்பட்டிருந்தன.

அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே முன்னறைக்கு வந்தபோது அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கடந்துபோய், ஜன்னலைச் சாத்திவிட்டு, மறுபடி திரும்பி வந்து நின்றாள். வாசல் கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில் அவளுடைய வேலைக்கோட்டு தொங்கியது. வெளிர்நீல நிறம், முழங்கால் வரை நீளம், கழுத்திலிருந்து கீழ்வரை ஏழு வெள்ளைப் பொத்தான்கள். சலவைக்கூடத்திலிருந்து வந்து அதைக் கழற்றி மாட்டியது மூன்றேகால் மணிக்கு. நீராவி குடித்த துணி காற்றாடத் தொங்க வேண்டும். பொத்தான் போட்டு மாட்டினால் உள்ளே புழுங்கி மறுநாள் வாடை அடிக்கும். பதினொரு வருடமாக ஒருநாளும் அவள் பொத்தான் போட்டு மாட்டியதில்லை.

இப்போது மணி ஐந்து இருபது. வியாழக்கிழமை. வெளியே மழை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. கணவன் வேலை முடிந்து வர ஏழு மணி ஆகும். சாப்பாட்டு மேசையும், அதன் மேல் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கும் மெழுகுத்துணி விரிப்பும், நான்கு நாற்காலிகளும், எதிரே கண்ணாடி பதித்த பீரோவும் இருந்த இடத்திலேயே இருந்தன. கோட்டிலிருந்து சோப்பும் கஞ்சியும் கலந்த வாசனை வந்தது, தினமும் வருகிற வாசனைதான். ஆனால் அதன் கீழே, நெருங்கிப் போனபோது, வேறு ஒன்று. சீவின பென்சிலின் வாசனை.

அவள் குனிந்து பொத்தான்களைப் பார்த்தாள். ஒரு துளை தள்ளிப் போடப்பட்டிருந்தன. ஓரம் ஏறி இறங்கியிருந்தது.

இந்த வீட்டில் பொத்தானைக் கீழேயிருந்து ஆரம்பித்து, ஒன்று தள்ளிப் போட்டு, மேலே வந்ததும் "ஒண்ணு மிச்சம்மா!" என்று சிரிக்கிற ஆள் ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு எட்டுகிற உயரம் ஐந்தாவது பொத்தான் வரைதான். அவளைப் புதைத்து பதினொரு வாரம் ஆகிறது.

*

அவர்கள் மகளுக்கு ஒன்பது வயது. உடம்பு கம்பி மாதிரி, தலை மட்டும் உருண்டை. அதனால் அப்பா வைத்த பெயர் குண்டூசி. பள்ளிக்கூடத்தில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அப்பாவுக்குத் தொழில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. அவர் போகிற சபையில் இரகசிய வருகையை நம்பினார்கள். ஒருநாள், யாரும் நினைக்காத நாழிகையில், ஆண்டவர் வானத்தில் வருவார்; ஆயத்தமாய் இருப்பவர்கள் கண் இமைக்கிற நேரத்தில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள்; உடுத்தியிருந்த துணி உடுத்தியபடியே கீழே கிடக்கும்; மற்றவர்கள் கைவிடப்பட்டு ஏழு வருட உபத்திரவத்துக்குள் போவார்கள். அம்மா வளர்ந்தது மணிக்கூண்டு வைத்த பழைய கோயிலில். அங்கே இரகசியம் எதுவும் இல்லை. கடைசி நாள் ஒன்றே ஒன்று, எக்காளம் ஊதும், கல்லறைகள் திறக்கும், எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்து நிற்பார்கள். அவ்வளவுதான். பிள்ளை ஒரு ஞாயிறு அங்கே, ஒரு ஞாயிறு இங்கே.

பன்னிரண்டு வருடம் இதை வைத்துக் கேலிபேசிக்கொண்டேதான் குடும்பம் ஓடியது.

"ஊரையே மேல ஏத்தி இறக்குற ஆளு. நீங்க மேல போறதுக்கு மட்டும் எக்காளம் வேணுமா?" என்பாள் அம்மா.

"எங்க லிஃப்ட்டுக்கு கரென்ட் கட் கிடையாது," என்பார் அவர்.

ஆனால் பிள்ளைக்கு அது கேலி இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பள்ளிவிட்டு வந்து கதவைத் திறக்கும்போது வீடு அமைதியாக இருந்தால் அவள் முகம் வெளுத்துவிடும். அதனால் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. கதவைத் திறந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூப்பிடுவாள்: "அம்மா, இருக்கியா?" உள்ளே எங்கே இருந்தாலும், கை வேலையாக இருந்தாலும், குளித்துக்கொண்டிருந்தாலும், அம்மா பதில் சொல்ல வேண்டும்: "இருக்கேன்டி!" அந்த ஒரு சொல் கேட்ட பிறகுதான் பை தோளிலிருந்து இறங்கும்.

பிள்ளை போவதற்கு முந்தின நாள், புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் கேலி எல்லை தாண்டியது.

"வருகை வந்தா நானும் குண்டூசியும் போயிடுவோம். நீ உங்க குருவானவரோட சேர்ந்து மணியடிச்சிட்டு இரு," என்றார் கணவன்.

"போயிட்டு வாங்க. வரும்போது பால் பாக்கெட் ரெண்டு."

அவர் சிரிக்கவில்லை. "விளையாடாத. கைவிடப்பட்டவங்க அழுறத நான் சொப்பனத்துல கேட்டேன். அதுல உன் குரலும் இருந்துச்சு."

பிள்ளை சோற்றில் கையை வைத்தபடி நிறுத்தினாள். "அப்பா, அப்ப அம்மா வர மாட்டாளா?"

அவர் பதில் சொல்லாமல் எழுந்து கைகழுவப் போனார். அந்தப் பதில் சொல்லாததுதான் அம்மாவைக் குத்தியது. ராத்திரி முழுக்கக் குத்தியது. விடியும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்: கைவிடப்படுவது எப்படி இருக்கும் என்று அந்த மனுஷனுக்கு இரண்டு நிமிஷம் காட்ட வேண்டும்.

மறுநாள் வியாழன். வியாழனன்று பிள்ளைக்குப் பாட்டு வகுப்பு. அப்பா பள்ளி வாசலுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு ஐந்தேகாலுக்கு வீட்டுக்கு வருவார். ஐந்து மணிக்கு அவள் கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்து, ஏழு பொத்தான்களையும் போட்டு, மேசை முன் நாற்காலியில் உட்கார வைத்தாள். இது அவள் தொழில். விலையுயர்ந்த உடைகளை அனுப்பும்போது கை மடங்காமலிருக்க உள்ளே காகிதம் சுருட்டி வைத்து, ஆள் உள்ளே இருப்பது மாதிரி நிறுத்துவார்கள். காகிதத்தை எடுத்துவிட்டால், ஆள் இப்போதுதான் நழுவிப்போன மாதிரி துணி மெல்லத் தணியும். அவள் அப்படிச் செய்தாள். காலரைக் கஞ்சி போட்டு நிமிர்த்தினாள். கைக்கடிகாரத்தை இடது கைநுனிக்குள், மூக்குக்கண்ணாடியைக் காலரின் மேல், செருப்பு இரண்டையும் நாற்காலிக்குக் கீழே ஜோடியாக. பக்கத்தில் ஆவி பறக்கும் தேநீர். பிறகு படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போய், வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஐந்தேகாலுக்குக் கதவு திறந்தது.

"அம்மா, இருக்கியா?"

அவர் பின்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். அப்பா பக்கத்தில் இருக்கும்போது பிள்ளை பயப்பட மாட்டாள் என்று நினைத்தாள். அவர் குரல் வரட்டும் என்று காத்திருந்தாள்.

"அம்மா?"

கொஞ்சம் சிரிப்புகூட வந்தது.

"அம்மா."

மூன்றாவது கூப்பாடு கூப்பாடு மாதிரியே இல்லை. அது கேள்வியும் இல்லை. பிறகு ஓட்டம். கதவு சுவரில் மோதும் சத்தம், தெரு, எதிர் வீட்டை நோக்கிப் போகும் சின்னச் செருப்புகள், பிறகு ஒரு சரக்கு வேனின் பிரேக்.

கணவன் அன்றைக்கு வரவில்லை. ஒரு கட்டடத்தில் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது; உள்ளே நான்கு பேர். பள்ளி வாசலில் ஐந்து நிமிஷம் காத்திருந்துவிட்டுப் பிள்ளை தனியாக ஓடி வந்திருந்தாள். அப்பா வரவில்லை. அம்மா கோட்டுக்குள் இல்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள், மூக்குக்கண்ணாடியை எடுக்கிற சாக்கில் அவள் ஒருமுறை வீட்டுக்குள் ஓடினாள். கோட்டை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். அந்த நேரத்திலும் ஏழு பொத்தான்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுத்தான் மாட்டினாள். தேநீரைக் கொட்டிக் கோப்பையைக் கழுவினாள். யாரிடமும் சொல்லவில்லை. தான் லேட்டானதால்தான் பிள்ளை போயிற்று என்று கணவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டபோதும் சொல்லவில்லை.

*

அடக்கத்துக்குப் பிறகு அவள் மூன்று பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டாள்: என் பிள்ளை இப்ப எங்க?

கணவனுடைய சபை பாஸ்டர் சொன்னார், "ஆண்டவரோட மடியில இருக்கா சிஸ்டர். அவர் வரும்போது கூடவே வருவா. நீங்க ஆயத்தமா இருங்க, அது போதும்."

பழைய கோயில் குருவானவர் சொன்னார், "தூங்குறாம்மா. காத்திருக்கிற கஷ்டமே அவளுக்குத் தெரியாது. கண்ண மூடினா, கண்ணத் தொறந்தா, கடைசி நாள். நடுவுல ஒண்ணும் கிடையாது."

சலவைக்கூடத்தில் கறை எடுக்கிற பகுதியின் பெரியவளை எல்லாரும் கறையக்கா என்று கூப்பிடுவார்கள். அவள் சபை வேறொன்று. உபத்திரவம் முதலில் வரும், விசுவாசிகளும் அதற்குள் நடந்துதான் போக வேண்டும், எடுத்துக்கொள்ளப்படுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்பது அவர்கள் கணக்கு. அவள் ஒரு சட்டையின் கைநுனியில் மருந்தைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே சொன்னாள், "அந்தப் பிள்ளைக்கு உபத்திரவம் முடிஞ்சுபோச்சு, தங்கச்சி. நமக்குத்தான் பாக்கி. யாருக்கும் குறுக்குவழி கிடையாது."

மூன்றும் ஆறுதல்தான். மூன்றில் எது உண்மையாக இருந்தாலும் அவள் தாங்கிக்கொள்வாள். ஆனால் அவள் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. தான் கைவிடப்பட்டதாக முழு மனதாக நம்பிக்கொண்டு ஓடின பிள்ளை, போய்ச் சேர்ந்தது எங்கே?

*

பொத்தான்களைப் பார்த்ததற்கு அடுத்த வியாழன் அவள் கோட்டை மாட்டிவிட்டு அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. விளக்கும் போடவில்லை. மழை பிடித்திருந்தது, குழாய் வழியாக மொட்டைமாடித் தண்ணீர் இறங்குகிற சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ துணியை உதறுகிற சத்தம், குளிர்பெட்டி ஒருமுறை குலுங்கி அடங்கும் சத்தம், இவற்றுக்கு நடுவே சுவர்க்கடிகாரம் ஐந்தைத் தாண்டி ஒவ்வொரு நிமிஷத்தையும் எண்ணி எண்ணி வைத்தது. ஐந்தேகாலுக்கு எல்லாச் சத்தமும் நின்றது. மழை நின்ற மாதிரி இல்லை. மழை பெய்துகொண்டிருந்த உலகம் கொஞ்சம் தள்ளிப்போன மாதிரி.

கதவு திறக்கவில்லை. ஆனால் திறந்த சத்தம் கேட்டது.

ஒரு நாற்காலி இழுபட்டது. மேசையிலிருந்து வாசல் பக்கம். மரக்கால் தரையில் விட்டு விட்டுக் கீச்சிட்டது, கனமான பொருளைச் சின்னக் கை இழுக்கும்போது கேட்கிற மாதிரி. யாரோ ஏறி நிற்கிறார்கள். துணி உராய்கிறது. ஒரு பொத்தான். இன்னொன்று.

பிறகு, மூக்கடைத்த, அழுது களைத்த குரல்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்டி!" அவள் கத்தினாள். முக்காலி உருண்டது. "இருக்கேன்டி கண்ணு, இங்கதான் இருக்கேன், இதோ வரேன்..."

நாற்காலி விழுந்தது. ஓட்டம். அவள் முன்னறைக்கு வந்தபோது மேசைவிரிப்பின் ஓரம் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ அதற்குக் கீழே நுழைந்து, உள்ளே போய்ச் சுருண்டு, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அடக்கின மூச்சு அவளுக்குக் கேட்டது. அவள் மண்டியிட்டு, விரிப்பைத் தூக்கினாள்.

யாருமில்லை. தரையில் ஈரம் மட்டும். குட்டையாக, சின்னதாக, சூடாக.

பயத்தில் போன சிறுநீர்.

கோட்டு கதவருகே கிடந்தது. ஏழு பொத்தான்களும் போட்டிருந்தன.

அவள் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ பேய்க்கதை கேட்டிருக்கிறாள். எல்லாக் கதையிலும் பயப்படுவது உயிரோடு இருப்பவர்கள்தான். இங்கே அவளுடைய பிள்ளை, அவளுடைய குரலைக் கேட்டு, பயந்து நடுங்கி, ஒளிந்துகொண்டது.

*

பள்ளிப்பை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபடியே, நாற்காலி முதுகில் பன்னிரண்டு வாரமாகத் தொங்கியது. அதை யாரும் திறக்கவில்லை. அன்றைக்கு அவள் திறந்தாள். கோடு போட்ட நோட்டு. கணக்கு, கணக்கு, பாட்டுவரிகள். கடைசிப் பக்கங்களில் பென்சில் எழுத்து. வரிசையெண் போட்டு எழுத அவள்தான் பழக்கியிருந்தாள்.

1. அப்பா கேட்டுக்கு வரல.

2. அம்மா கோட்டு இருக்கு. அம்மா இல்ல.

3. எதிர்வீட்டுல யாரும் இல்ல. டிவி ஓடுது.

4. பஸ் நிக்குது. டிரைவர் சட்டை இருக்கு.

5. அப்பா சபைக்குப் போய்ப் பாத்தேன். வெளியே நிறைய செருப்பு.

6. அம்மா கோயிலுக்கும் போனேன். அங்கயும் செருப்பு. அப்ப அப்பா சொன்னது தப்பு. அம்மா கோயில் ஆளுங்களும் போயிட்டாங்க. எல்லாரும் போயிட்டாங்க.

7. நான் மட்டும்தான்.

எல்லாம் வேனுக்கு அப்புறம் எழுதினதுதான். அதற்குக் கீழே தனியாக: "நான் பண்ணின தப்பு. பென்சில் எடுத்தது. பொய் ரெண்டு. பாட்டு டீச்சரை மனசுக்குள்ள திட்டினது." பக்கத்தில் அழித்து அழித்துத் தாள் கிழிந்திருந்தது. வேறு ஏதாவது இருக்குமோ என்று யோசித்திருக்கிறாள். இவ்வளவுக்காகவா என்று யோசித்திருக்கிறாள்.

பக்கத்தைத் திருப்பினாள்.

"கோட்டு மேல படுத்தேன். சோப்பு வாசனை. கோட்டு ஒண்ணும் பண்ணாது."

கடைசி வரி புதியது. பென்சில் தூள்கூட இன்னும் தாளில் ஒட்டவில்லை.

"இன்னிக்கு அம்மா குரல் கேட்டுச்சு. அது அம்மா இல்ல. அப்பா சொன்ன மாதிரியே வந்துடுச்சு. நான் பதில் சொல்லல."

*

ஏழு மணிக்குக் கணவன் வந்தார். கிரீஸ் கறை படிந்த கையோடு மேசை முன் உட்கார்ந்தார். அவள் நோட்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் படித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு உட்கார்ந்து, அந்த வியாழக்கிழமையை முதலிலிருந்து சொன்னாள். ஐந்து மணி. கோட்டு. காகிதம். கடிகாரம். கதவுக்குப் பின்னால் பொத்திய வாய். மூன்று கூப்பாடு.

முடிந்ததும் அவர் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"நான் லேட்டானதாலன்னுதானே..." என்றார்.

"ஆமா. உங்கள அப்படியே நினைக்க விட்டுட்டேன்."

"பன்னெண்டு வாரமா."

"ஆமா."

அவர் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டியிருந்தால்கூட. அவர் நோட்டின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இதுல என்ன சொல்லியிருக்கா? அப்பா சொன்ன மாதிரின்னா? நீங்க என்ன சொன்னீங்க அவகிட்ட?" என்று கேட்டாள் அவள்.

"சபைல எல்லாப் பிள்ளைங்களுக்கும் சொல்றதுதான்." அவர் நோட்டை மூடினார். "கைவிடப்பட்டுட்டா... அதுக்கப்புறம் சத்துரு வருவான். நமக்குப் பிரியமானவங்க குரல்லயே கூப்பிடுவான். அம்மா மாதிரி, அப்பா மாதிரி. பதில் சொல்லிடக்கூடாது. போயிடக்கூடாது. ஒளிஞ்சுக்கணும். போனா நெத்தியில முத்திரை போட்டுடுவான்."

"ஒன்பது வயசுப் பிள்ளைகிட்டயா?"

"எனக்கும் ஒன்பது வயசுலதான் சொல்லிக்குடுத்தாங்க."

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் அழுதார்கள், மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். யார் நம்பியது சரி என்று கேட்க இருவருக்குமே நாக்கு எழவில்லை.

படுக்கப் போகும்போது அவர் கேட்டார், "நான் கூப்பிட்டுப் பாக்கவா?"

"உங்க குரலுக்கும் ஓடுவா."

"அப்ப என்னதான் பண்றது?"

அவள் ஏற்கெனவே யோசித்திருந்தாள். "குரலுக்குத்தான் பயப்படுறா. கோட்டுக்குப் பயப்படல."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "வர வியாழக்கிழமை நான் ரோட்டுல நிக்கிறேன்," என்றார். "ஓடி வந்தா... இந்தவாட்டி பிடிச்சுக்கிறேன்."

*

வியாழன். ஐந்து மணி.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். கீழேயிருந்து மேலே, ஏழு பொத்தான்கள். காலரை நிமிர்த்தினாள். கடிகாரத்தை இடது கையில் கட்டினாள். மேசை முன் அதே நாற்காலியில், அன்று துணியை எப்படி உட்கார வைத்தாளோ அப்படியே உட்கார்ந்தாள்: கைகள் மடியில், தோள் சற்றுத் தணிந்து. தேநீர்கூட வைத்தாள். எதிரே பீரோக் கண்ணாடி. அதைப் பார்க்காமல் தன் முழங்காலைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகத் தெருவில் கணவனின் குடை தெரிந்தது. அவர் கைகளை விரித்து வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள்.

பேசக்கூடாது. அசையக்கூடாது. பிள்ளை வந்து படுத்துக்கொள்ளட்டும். சோப்பு வாசனையில் கொஞ்ச நேரம் தூங்கட்டும். அது போதும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம், ஆண்டவரே, எந்தச் சபையின் ஆண்டவராக இருந்தாலும்.

ஐந்தேகால். ஹாரன் சத்தம் தள்ளிப்போனது.

"அம்மா, இருக்கியா?"

அவள் பதில் சொல்லவில்லை. இரண்டாவது முறையாக, பதில் சொல்லவில்லை. உதட்டைக் கடித்ததில் அது கிழிந்து வாய்க்குள் உப்புக் கரித்தது.

"அம்மா?"

சின்னச் செருப்புகள் உள்ளே வந்தன. நின்றன. மூக்கை உறிஞ்சும் சத்தம். அருகே வந்தன. பென்சில் வாசனை. மழையில் நனைந்த தலைமுடியின் வாசனை. பிறகு, அவள் மடியில், கோட்டின் மேலிருந்து நான்காவது பொத்தானுக்கும் ஐந்தாவது பொத்தானுக்கும் நடுவில், ஒரு உருண்டைத் தலையின் பாரம்.

சூடாக இருந்தது.

அவள் மூச்சைப் பிடித்தாள். மடியில் இருந்த தலை விம்மியது. விம்மல் குறைந்தது. "கோட்டு," என்றது குரல், துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. "கோட்டு, நான் வேற எதுவும் பண்ணல. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். ரெண்டு பொய்தான்."

கை தானாக எழுந்தது.

அவள் எழுப்பவில்லை. ஒன்பது வருடம் அந்தத் தலையை வருடின கை. எழுந்து, போய், ஈர முடியின் மேல் படிந்தது.

விம்மல் நின்றது.

மூச்சும்.

தலை மெல்ல, மிக மெல்லத் திரும்பி, மேலே பார்த்தது. பன்னிரண்டு வாரத்துக்கும் மேலாகப் பார்க்காத முகத்தைப் பார்க்க அவள் குனிந்தாள். அந்த முகத்தில் இருந்ததைப் பார்த்தாள். தாங்க முடியாமல் கண்ணை எடுத்தாள். எதிரே கண்ணாடி.

கண்ணாடியில் நாற்காலி இருந்தது. நாற்காலியில் கோட்டு உட்கார்ந்திருந்தது. ஏழு பொத்தான்கள். விறைத்து நிமிர்ந்த காலர். காலருக்குள் கழுத்து இல்லை. காலருக்கு மேல் எதுவும் இல்லை. இடது கைநுனியில் கடிகாரம் எதையும் சுற்றாமல் வட்டமாக நின்றது. வலது கை உயர்ந்து, வெறும் துணிநுனி, ஒரு சிறுமியின் தலைமேல் கவிந்திருந்தது.

சிறுமி வாயைத் திறந்தாள்.

ஓடப்போகிறாள். கதவு. தெரு. வேன்.

அவள் இரண்டு கைகளாலும் பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். பிள்ளை உதைத்தது, பிறாண்டியது, அலறியது. அவள் விடவில்லை. விட்டால் ரோடு. இன்னும் இறுக்கினாள். கண்ணாடியில் கோட்டின் இரண்டு வெறும் கைகள் சிறுமியைச் சுற்றி வளைந்து மூடின. உதட்டிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் பிள்ளையின் நெற்றியில் விழுந்தது. அவள் பதறிக் கட்டைவிரலால் துடைத்தாள். அது நெற்றியில் பரந்து, ஒரு முத்திரை மாதிரி நின்றது.

"இருக்கேன்டி," என்றது, கண்ணாடியிலிருந்த கோட்டு. "இருக்கேன்."